நடையை அளந்த கருவிகள்

நடை என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. காலால் இயங்குவதும் நடை, ஒழுகலாறும் நடை, எழுதுவோனது மொழிப்போக்கும் நடை. நம் புலவர்கள் மகளிர் நடைக்கு அன்னத்தையும் பிடியையும், வீரர் நடைக்கு ஏற்றையும் உவமை கூறினர். ஊரிலே முதியோர் சிலர், ஒழுங்கையில் ஒருவன் வருவதைத் தொலைவிற் கண்டபோதே, முகம் தெரியுமுன்னர், இவன் இன்னார் மகன் என்று நடையைக்கொண்டு கூறிவிடுவர். நோயாளி உள்ளே நுழையும்போதே அவர் காலெடுத்து வைப்பதை நோக்கி நோயின் கூற்றை ஊகிக்கும் வைத்தியரும் உளர். ஆயின், உவமையும் ஊகமும் அளவை ஆகா. ஒருவருடைய அடியின் நீளம் இத்துணை, அவர் ஒற்றைக் காலில் நின்ற நேரம் இத்துணை, சென்ற மாதத்தினும் இம்மாதம் இத்துணை மாறியது என எண்ணாற் கூறும் வழியைத் தேடத் தொடங்கிய பின்னரே நடை விஞ்ஞானத்தின் பொருளாயிற்று.

இக்காலத்தில் அத்தேட்டம் கணுக்கால்வரை வந்துள்ளது. பாரிசவாதத்தாற் பாதம் தொங்கியோரும், கணுக்கால் மூட்டுத் தளர்ந்தோரும் அணியும் தாங்கிகளிலே நாணயத்தினும் சிறிய மின்னணு உணரிகளைப் பொருத்தி, அவர்கள் வீட்டிலும் வீதியிலும் நடக்கும் நடையைப் பதிவுசெய்ய முயல்கின்றனர். இது நேற்றுத் தோன்றிய புதுமைபோலக் காணப்படினும், காலில் அணிந்த கருவியால் நடையை அளக்கும் முயற்சி 1872 ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டில் வெளியாயிற்று. அன்றுதொட்டு இத்துறையிற் புகுந்தோர் யாவர்முன்னும் ஒரு வினா நின்றது. நடையை அளக்கும் கருவியை எதைக்கொண்டு அளப்பது? யாருடைய நடையிலே அதனைச் சோதிப்பது? இவ்வினாவைப் பொருட்படுத்தாதவர் எத்துணைப் பேரறிஞராயினும் வழுவினர் என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

கருவியின்றி நடையை ஆராய்ந்தவருள் முதல்வராக அரிஸ்டோட்டிலைக் கூறலாம். சுவரோரமாக ஒருவன் நடப்பானாயின் அவன் தலை செல்லும் வழி நேர்கோடாக இராது, ஏறியும் இறங்கியும் செல்லும் என்பதை அவர் கண்டார். அவருக்குப் பின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து இத்தாலியரான பொரெல்லி, இரண்டு கம்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக நாட்டி, அவற்றை ஒரே நேரில் நோக்கியவாறு நடந்து பார்த்தார். அண்மைக் கம்பம் சேய்மைக் கம்பத்துக்கு இடமும் வலமுமாக விலகித் தோன்றிற்று. நடப்பவன் உடல் பக்கவாட்டிலும் அசைகின்றது என்பது இதனால் விளங்கிற்று. இரண்டு கம்பும் ஒரு கண்ணுமே அவருடைய கருவி. மாணவர் எவரும் கல்லூரி மைதானத்தில் இதனைச் செய்து பார்க்கலாம். பொரெல்லியின் நூல், அவர் 1679 இல் இறந்தபின், 1680 - 81 இல் உரோமாபுரியில் வெளிவந்தது.

அடுத்து நாம் நின்று நோக்கவேண்டிய இடம் ஜேர்மனி. அங்கே 1836 இல் வில்ஹெல்ம் வேபர், எடுவார்ட் வேபர் என்னும் சகோதரர் இருவர் மனிதனது நடக்கும் உறுப்புகளின் பொறிமுறை பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டனர். மூத்தவர் பௌதிகவியலார், கணித மேதையான கவுஸ் என்பாருடன் சேர்ந்து 1833 இல் மின்தந்தி அமைத்தவர், அரசன் அரசியலமைப்பை நீக்கியதைக் கண்டித்துக் கையொப்பமிட்டமையால் 1837 இல் கொற்றிங்கன் பல்கலைக்கழகப் பதவியை இழந்த எழுவருள் ஒருவர். இளையவர் உடற்கூற்றியலார். நேரங்காட்டி, அளவுநாடா, தொலைநோக்கி என்பவற்றைக் கொண்டு அவர்கள் அடியின் நீளத்தையும் நேரத்தையும் அளந்தனர். அதுவரை எவரும் அத்துணை நுட்பமாக நடையை அளந்ததில்லை.

அளந்ததோடு அமையாது அவர்கள் ஒரு கொள்கையும் கூறினர். நிலத்தை விட்டெழுந்து முன்னோக்கி வீசப்படும் கால் ஓர் ஊசல் போன்றது. அதனை முன்னே கொண்டுசெல்லத் தசைநாரின் முயற்சி வேண்டுவதில்லை. புவியீர்ப்பே போதும் என்பது அக்கொள்கை. ஊசலின் அலைவுகாலம் அதன் நீளத்தைச் சார்ந்தது என்பதைப் பௌதிகம் படிக்கும் மாணவர் அறிவர். நெடிய காலுடையார் ஆறுதலாகவும் குறுங்காலுடையார் விரைவாகவும் அடியெடுத்து வைப்பதை நாள்தோறும் காண்கின்றோம். கண்ட காட்சிக்கும் கற்ற விதிக்கும் இக்கொள்கை ஒருங்கே இயைந்தது. அழகிய கொள்கை, ஆதலின் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்சி புரிந்தது. காலின் அடுத்தடுத்த நிலைகளைக் காட்டும் படங்களையும் அவர்கள் நூலில் அமைத்தனர். அப்படங்கள் கண்டு வரைந்தன அல்ல. கொள்கையினின்று கணித்து வரைந்தவை. படம் கொள்கைக்குச் சான்று போலத் தோன்றும். உண்மையில் கொள்கையே படத்தை ஈன்றது.

இதனை முதலில் அசைத்தவர் நோயாளிகளின் பக்கத்தில் நின்ற ஒரு வைத்தியர். பிரான்சு நாட்டவரான டியூசேன், மின்னோட்டத்தால் தசைகளைத் தூண்டி அவற்றின் தொழிலை ஆராய்ந்தவர். தொடையை மடக்கும் தசைகள் செயலிழந்த நோயாளியின் கால் ஊசல்போல் முன்னே வரவில்லை என்பதையும், அவர் இடுப்பைத் தூக்கிக் காலை வெளிப்புறமாகச் சுழற்றியே முன்வைக்கின்றார் என்பதையும் அவர் கண்டார். புவியீர்ப்பு அந்நோயாளிக்கும் உண்டு; காலும் தொங்குகின்றது; எனினும் ஊசல் ஆடவில்லை. 1867 இல் வெளியிட்ட நூலில் டியூசேன் ஊசற் கொள்கையை மறுத்தார். ஆனால் அவரிடம் அளவுகள் இல்லை, கண்ட காட்சியே இருந்தது. எண்களோடு வந்த கொள்கையை எண்ணில்லாத சான்று வீழ்த்துதல் எளிதன்று.

காலிற் கருவி பூட்டப்பட்ட கதை இதன்பின்னரே தொடங்குகின்றது. பாரிசு நகரத்துப் பேராசிரியர் மாரே, நாடித் துடிப்பைத் தானே எழுதும் கருவியை 1860 இல் அமைத்தவர். உயிரினது இயக்கம் எதுவாயினும் அது தன் வரலாற்றைத் தானே வரையவேண்டும், காண்பவனுடைய கண்ணும் கையும் இடையிற் புகலாகாது என்பது அவர் துணிபு. அவருடைய மாணாக்கரான கார்லே ஒரு சப்பாத்தைச் செய்தார். அதன் அடித்தோலினுள் காற்றறைகள் அமைக்கப்பட்டன. குதிகால் நிலத்தை அழுத்தும்போது அறையிலுள்ள காற்று இறப்பர்க் குழாய் வழியாகச் சென்று ஒரு சிறு பறையின் தோலை உயர்த்தும். பறைமேல் இருந்த எழுத்தாணி, புகைக்கரி பூசிச் சுழலும் உருளைமீது அவ்வழுத்தத்தை ஒரு வளைகோடாக எழுதும். பாதத்தின் முற்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் தனித்தனி அறைகள் இருந்தமையால், குதிகால் எப்போது ஊன்றிற்று, விரற்பகுதி எப்போது நிலத்தை விட்டது என்பன பிரிந்து தோன்றின. கார்லேயின் ஆய்வு 1872 இல் வெளியாயிற்று. இன்றைய காலணிகளில் அமைக்கப்படும் அழுத்த உணரிக்கு இதனை முன்னோன் என்று கூறுதல் மிகையன்று. மின்னுக்குப் பதிலாகக் காற்று, கணினிக்குப் பதிலாகக் கரி பூசிய உருளை, முறை ஒன்றே.

மாரே இக்கருவியை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுசென்றார். ஓடுபவன் பதிவு உருளையைத் தன் கையிலேயே தாங்கி ஓடினான். குதிரையின் குளம்புகளிற் காற்றுப் பந்துகள் பொருத்தப்பட்டன. மேலிருந்தவன் உருளையைப் பிடித்துக்கொண்டான். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டெழும் கணம் உண்டோ என்பது அக்காலத்துப் பெரும் வழக்கு. உண்டு என்று எழுத்தாணி எழுதியதை மாரே 1873 இல் வெளியான தமது நூலில் காட்டினார். கலிபோர்ணியாவில் இலேலண்ட் ஸ்ரான்போர்ட் என்னும் செல்வர் பொருளுதவ, மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரர் வரிசையாகப் பல கமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படம்பிடித்ததும், அப்படங்கள் 1878 இல் உலகெங்கும் பேசப்பட்டதும் பலர் அறிந்த செய்தி. மைபிரிட்ஜின் புகழ் பரவிய அளவுக்கு, அவர் படங்கள் மாரேயின் எழுத்தாணிக்குச் சாட்சி கூறின என்பது பரவவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கருவிகள், ஒன்று காற்றால், மற்றது ஒளியால், ஒரே செய்தியைக் கூறின. கருவியைக் கருவியால் அளக்கும் முறை இதுதான்.

வியப்பு யாதெனில், இவ்வெற்றிக்குப்பின் மாரேயே காலிலிருந்த கருவியைக் கைவிட்டார். படங்களைக் கண்டு அவர் உள்ளம் ஒளியின்பாற் சென்றது. 1882 இல் துப்பாக்கி வடிவான ஒரு கமராவைச் செய்தார். கரிய உடை அணிந்தவன் கை கால்களில் வெண்கோடுகளை இட்டு, கரும்பின்னணியின் முன்னே நடக்கச்செய்து, ஒரே தட்டிற் பல நிலைகளைப் பதித்தார். அணிந்த குழாயும் பந்தும் நடப்பவன் நடையையே மாற்றிவிடும். ஒளியோ அவனைத் தொடுவதில்லை. அவர் மாற்றத்தின் நியாயம் விளங்கத்தக்கது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. அன்றுமுதல் நடை, கமரா நின்ற இடத்திலே சிறைப்பட்டது.

அச்சிறையின் உச்சத்தை லைப்சிக் நகரிற் காணலாம். உடற்கூற்றியலாரான பிரவுணேயும் கணிதவியலாரான பிஷரும் 1891 இல் ஓர் இளம் போர்வீரனைத் தேர்ந்து, அவன் கைகால்களில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, மின்சாரம் தாக்காவண்ணம் இறப்பரால் காப்பிட்டு, இருளிலே நடக்கவிட்டு, நான்கு கமராக்களாற் படம்பிடித்தனர். அவனை அவ்வாறு ஆயத்தஞ்செய்யப் பல மணி நேரம் சென்றது. நடந்ததோ சில அடிகள். பின்னர் ஒவ்வோர் ஒளிப்புள்ளியின் இடத்தையும் முப்பரிமாணத்தில் கணிக்கும் வேலை தொடங்கிற்று. பிரவுணே 1892 இல் இறந்தார். பிஷர் தளராது 1895 முதல் 1904 வரை பகுதி பகுதியாக முடிவுகளை வெளியிட்டார். வீசும் கால் புவியீர்ப்பால் மட்டும் ஆடுவதன்று, தசைகள் அதனை இயக்குகின்றன என்பது அதில் எண்ணால் நிறுவப்பட்டது. டியூசேன் கண்ணாற் கண்டது ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின்பின் உறுதியாயிற்று. வேபர் சகோதரரின் தமையனாராகிய ஏர்ணஸ்ட் வேபரின் மருமகனே பிரவுணே என்பதையும் இங்கே கூறிவைக்கலாம். ஆராய்ச்சியில் உறவு தடையாகவில்லை.

ஆயினும் ஒன்றைக் குறிக்காது செல்லல் தகாது. அப்பெருநூலின் தலைப்பு 'மனிதனது நடை' என்பது. அளக்கப்பட்டவனோ ஒருவன், இளையவன், உடலுறுதி வாய்ந்த படைவீரன். கிழவனது நடையோ, பெண்ணின் நடையோ, நோயாளியின் நடையோ அதில் இல்லை. பிழை கணக்கில் இல்லை, தலைப்பிலே உண்டு.

நோயுற்ற நடைபற்றிய அக்கறை போரினால் விளைந்தது. முதலாம் உலகப் போர்க்காலத்திற் காலிழந்த வீரர்களுக்காக அமார் என்பவர் பாரிசில், பாதம் நிலத்தைத் தாக்கும் விசையைப் பல திசைகளில் அளக்கும் நடைபாதை ஒன்றை அமைத்தார். இரண்டாம் உலகப் போர் முடியும் வேளையிற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே இன்மன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும், எபர்ஹார்ட் என்னும் பொறியியலாளரும் செயற்கைக்கால் ஆராய்ச்சியிற் புகுந்தனர். எபர்ஹார்ட் 1944 இல் நேர்ந்த விபத்தொன்றில் தாமே ஒரு காலை இழந்தவர். தோலின்மேல் ஒட்டிய குறிகள் தோலோடு வழுக்கி எலும்பின் அசைவைப் பிழையாகக் காட்டுகின்றன என ஐயுற்ற அக்குழுவினர், தாமாக முன்வந்த இளைஞர்களின் எலும்பிலேயே ஊசிகளைச் செலுத்தி அளந்தனர். கருவியைச் சோதித்தற்கு மனிதர் கொடுத்த விலைகளுள் இது ஒன்று. அந்த அளவுகள் 1948 இல் வெளியாயின. 1953 இல் இவ்விருவரும் சோண்டர்ஸ் என்பாரும் கூடி, உடலின் ஏற்றவிறக்கத்தைக் குறைத்து முயற்சியைச் சிக்கனஞ்செய்யும் ஆறு கூறுகள் நடையில் உள்ளன என எழுதினர். அதுவும் வேபர் கொள்கை போன்று அழகியது. பாடநூல்களிலே நெடுங்காலம் நிலைத்தது. 1990 களில் நுட்பமாக அளந்தபோது அதன் சில கூறுகள் கூறியவாறு தொழிற்படவில்லை எனத் தெரிந்தது. வேபர் கொள்கைக்கு நேர்ந்ததோ இதற்கு மறுதலை. மக்கீர் என்பவர் 1990 இல், இயந்திரமின்றிச் சரிவிலே தானாக நடந்திறங்கும் இரு காற்பொறியை ஆராய்ந்து வெளியிட்டார். ஊசல் முற்றிலும் பொய்யன்று போலும்.

கருவி மீண்டும் காலுக்குத் திரும்பிய ஆண்டாக 1961 ஐக் கொள்ளலாம். அமெரிக்காவில் லிபர்சன் என்னும் வைத்தியரும் அவர் துணைவரும், பாரிசவாத நோயாளியின் சப்பாத்தின் குதிகாலில் ஒரு மின்னாளியை அமைத்தனர். குதி நிலத்தை விட்டெழுந்ததும் ஆளி தொழிற்பட்டு முழங்காலருகே உள்ள நரம்பைத் தூண்டும். தொங்கிய பாதம் நிமிரும். கார்லேயின் சப்பாத்து நடையை எழுதியது. இது நடையை அறிந்து அதற்கு உதவியும் செய்தது.

இன்றைய உணரிகள் பிறந்த இடம் வைத்தியசாலையன்று. மோதலின்போது மோட்டார் வாகனத்தினுள் விரியும் காற்றுப்பையை இயக்குதற்காக 1990 களிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட நுண்ணிய ஆர்முடுகல்மானியே அதன் மூதாதை. சிலிக்கனிற் செதுக்கிய சிறு திணிவொன்று மெல்லிய வில்களில் தொங்கும்; உடல் ஆர்முடுகும்போது அது பின்தங்கும்; அப்பின்தங்கல் மின்கொள்ளளவத்தின் மாற்றமாகத் தெரியும். கோணவேகத்தை அளக்கும் கூட்டாளி உணரி, அதிரும் திணிவைக் கொண்டு கொரியோலிசு விளைவாற் தொழிற்படுவது. அவ்விளைவைக் கொரியோலிசு எழுதியது 1835 இல், வேபர் நூலுக்கு ஓராண்டு முன்பு.

இவ்வுணரிகள் தூரத்தை நேரே அளப்பதில்லை. ஆர்முடுகலை இருமுறை தொகையிட்டே தூரம் பெறப்படும். இங்கேதான் இடர். உணரியில் செக்கனுக்குச் செக்கன் 0.1 மீற்றர் என்னும் சிறு மாறாப் பிழை இருப்பதாகக் கொள்வோம். 10 செக்கனில் அது 5 மீற்றராகும். ஒரு நிமிடத்தில் 180 மீற்றராகும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஊரின் அடுத்த சந்திக்குச் சென்றுவிட்டதாகக் கருவி கூறும். இதற்கு மாற்று, ஒவ்வோர் அடியிலும் பாதம் நிலத்திற் பதிந்து அசையாதிருக்கும் கணத்தைக் கண்டறிந்து, அக்கணத்தில் வேகத்தைப் பூச்சியமாக்கிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குதல். உணரி பாதத்தின்மேல் இருப்பின் இம்முறை செவ்வனே பொருந்தும். கணுக்காலுக்கு மேலே தாங்கியின் தண்டில் இருப்பினோ, பாதம் ஊன்றியிருக்கும்போதும் கீழ்க்கால் முன்சாய்ந்துகொண்டே இருத்தலால் முழு ஓய்வுக் கணம் அங்கே இல்லை. ஆகவே உணரியை எவ்விடத்தில் அமைப்பது என்பதே பாதி விஞ்ஞானம். மேலும், தாங்கி வெறும் பெட்டகமன்று. கணுக்காலின் மடக்கத்தைக் கட்டுப்படுத்தி நடையை மாற்றுவதற்கே அது அணியப்படுகின்றது. தாங்கியிலுள்ள உணரி காலின் அசைவையும், காலுக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள நெகிழ்ச்சியையும் சேர்த்தே அளக்கும். இன்மன் குழுவினர் தோலைப்பற்றிக் கொண்ட ஐயம் இங்கே தாங்கியைப்பற்றி எழுகின்றது.

ஆதலால் இத்தகைய தாங்கியைச் சோதிப்போர், அதனை அணிந்தவரைக் கமராக்கள் சூழ்ந்த கூடத்தில் நடக்கச்செய்து இரண்டு அளவுகளையும் ஒப்பிடுவர். ஒப்பிடும் முறையிலும் நெடுங்காலம் ஒரு மயக்கம் இருந்தது. இரண்டு அளவுகளும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கினால் கருவி நன்று என எழுதிவந்தனர். 1986 இல் பிளாண்ட், ஓல்ட்மன் என்னும் ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலார் இருவர் இதனைத் திருத்தினர். கல்லூரி மணிக்கூடு எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடுமாயின், அது சரியான மணிக்கூட்டோடு என்றும் சேர்ந்தே ஓடும். ஆயினும் இரண்டும் ஒருபோதும் ஒரே நேரத்தைக் காட்டா. சேர்ந்தோடுதல் வேறு, உடன்படுதல் வேறு. இரண்டு அளவுகளின் வேறுபாடு எவ்வெல்லைக்குள் அமைகின்றது என்பதையே கூறவேண்டும் என்றனர் அவ்விருவர். மாணவர் புள்ளிவிபரவியல் கற்கும்போது இதனை மனங்கொள்ளுதல் நன்று.

எனினும் யாருடைய நடையில் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. புதிய உணரியைப் பல்கலைக்கழகத்து இளைஞர் சிலரைக்கொண்டு சோதிப்பது எளிது. அவர்கள் குதிகாலை வலிமையாக ஊன்றுவர். உணரியின் வளைகோட்டில் அவ்வூன்றல் கூரிய முனையாகத் தோன்றும். கணினி அம்முனையைத் தேடி அடிகளை எண்ணும். பாரிசவாத நோயாளியோ மெல்ல நடப்பார். விரலை நிலத்தில் இழுப்பார். சிலவேளை குதி ஊன்றுவதே இல்லை. முனை மழுங்கும், அல்லது மறையும். இளைஞரிடம் பிழையின்றி எண்ணிய கணக்கு, எவருக்காகத் தாங்கி செய்யப்பட்டதோ அவரிடத்திலே தடுமாறும். டியூசேனின் நோயாளி வேபரின் ஊசலுக்கு எதிரே நின்றதும், லைப்சிக்கின் போர்வீரன் மனிதகுலம் முழுவதற்கும் பதிலாளாக நின்றதும் இங்கே நினைவுக்கு வருதல் இயல்பு.

நம்மவர் திறத்தில் இன்னுமொன்று உண்டு. கார்லேயும் லிபர்சனும் நடப்பவன் சப்பாத்து அணிந்தவன் என்றே கொண்டனர். இன்றைய கணுக்கால் தாங்கிகள் பலவும் சப்பாத்தினுள் அடங்குமாறு அமைந்தவை. நாமோ வாசலிற் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டினுள் புகுகின்றோம். கோயிலிற் கருங்கற் றரையிலும் வெளிவீதி மணலிலும் வெறுங்காலால் நடக்கின்றோம். இந்தியாவில் சேத்தி என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும், இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் 1968 இல் செய்பூர்ப் பாதத்தை அமைத்தபோது இதனைக் கருத்திற் கொண்டனர். சப்பாத்தின்றி நடக்கவும், நிலத்திற் குந்தி இருக்கவும், வயலிற் சேற்றில் இறங்கவும் ஏற்றதாக அதனை இறப்பரால் செய்தனர். வட இலங்கையிற் போரிற் காலிழந்த பலர் அவ்வகைப் பாதத்தோடு நடக்கின்றனர். உணரி பொருந்திய தாங்கி ஒன்று நம் நாட்டு வைத்தியசாலைக்கு வருமாயின், அது கமராக் கூடத்துச் சமதரையில் மட்டுமன்றி, செருப்பைக் கழற்றிய பின் மணலிற் புதைந்தெழும் அந்தக் குறுகிய அடியிலும் சோதிக்கப்படவேண்டும்.